பிரேசில் இனிப்பு உருண்டைகள்: உள்ளே இருப்பது என்ன?

எமது சங்கத்தின் சென்ற சிறுவர் விழாவுக்கு ஒரு குடும்பத்தினர் தட்டு நிறைய இனிப்பு உருண்டைகள் கொண்டுவந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பிரேசில் நாட்டுப் பெண்மணி ஆசையாகச் செய்து கொடுத்தவை. கச்சான் ஒவ்வாமை உள்ள ஒரு பிள்ளையின் தாயார், "இதிலே என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார். கொண்டுவந்தவருக்குப் பெயர் மட்டுமே அரைகுறையாக நினைவிருந்தது. "கஜு என்று ஏதோ சொன்னவா, கஜுவாய்த்தான் இருக்கும்" என்றார். தாயார் ஒன்றைப் பிய்த்து மணந்து பார்த்தார். வறுத்த கச்சான்!

அந்த இனிப்பின் பெயர் கஜுசின்யோ. 'சின்னக் கஜு' என்று பொருள். கஜுப்பழத்தின் வடிவில் பிடிப்பதால் வந்த பெயர் அது. உள்ளே வழக்கமாகப் போடுவது அரைத்த கச்சான்தான். நல்லவேளையாகப் பிள்ளை வாயில் வைக்கவில்லை. ஆனால் மேசையில் ஒரு துண்டுக் காகிதம்கூட நாம் வைத்திருக்கவில்லை என்பது அன்றுதான் எமக்கு உறைத்தது.

அதன்பின் பலரும் செய்முறை கேட்கிறார்கள். சொல்கிறோம், கூடவே சில எச்சரிக்கைகளையும் சேர்த்து.

பிரேசிலில் இந்த உருண்டைகள் இல்லாமல் பிறந்தநாள் விழா இல்லை எனலாம். கொக்கோ சேர்த்தது பிரிகடெய்ரோ. 1945ஆம் ஆண்டு சனாதிபதித் தேர்தலில் போட்டியிட்ட விமானப்படை அதிகாரி எடுவார்டோ கோமெஸின் பதவிப் பெயரே இதற்கு வந்தது என்பார்கள். அவர் தோற்றார், இனிப்பு நிலைத்துவிட்டது. தேங்காய்ப்பூச் சேர்த்தது பெய்ஜின்யோ, அதாவது 'சின்ன முத்தம்'. எல்லாவற்றுக்கும் அடிப்படை ரின்பால். நாம் ஊரில் ரின்பாலைக் காய்ச்சி மில்க் ரொபி செய்தவர்கள்தானே, கை தானாகவே பழகிவிடும். கஜு மரமும் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் பிரேசிலில் இருந்து எமது பக்கம் கொண்டுவந்ததுதான். கஜு, அன்னாசி என்ற இரண்டு சொற்களுமே அந்நாட்டுப் பழங்குடி மக்களின் மொழியில் இருந்து போர்த்துக்கேயம் வழியாக எமது அடுப்படிக்கு வந்தவை.

முதலில் தேங்காய் உருண்டையைச் செய்து பாருங்கள். ரின்பால் ஒரு ரின் (397 கிராம்), பட்டர் ஒரு மேசைக்கரண்டி, சீனி சேர்க்காத உலர்ந்த தேங்காய்ப்பூ 50 கிராம். அடி கனமான தாச்சியில் மூன்றையும் இட்டு, மெல்லிய நெருப்பில் 10 முதல் 15 நிமிடம் வரை கை எடுக்காமல் கிளறுங்கள். அகப்பையால் நடுவே கோடு இழுத்தால் அடி தெரிந்து, கலவை மெல்லத் திரும்பிச் சேர வேண்டும். அதுதான் பதம். அதற்கு மேல் விட்டால் ரொபியாகிவிடும். பட்டர் பூசிய தட்டில் கொட்டி, நன்றாக ஆறியபின் கையிலும் பட்டர் பூசி உருட்டித் தேங்காய்ப்பூவில் புரட்டுங்கள். அங்கே மேலே ஒரு கராம்பு குத்துவார்கள். பிள்ளைகளுக்குக் கொடுப்பதானால் அது வேண்டாம்.

கொதிக்கும் ரின்பால் தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். கிளறும் வேலையைச் சிறுவர்களிடம் விடாதீர்கள், உருட்டுவதற்குக் கூப்பிடுங்கள். சுட்டுவிட்டால் பட்டரோ பற்பசையோ பூசாமல், குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும்.

பழம் சேர்க்க விரும்பினால் எமது தெரிவு கொடித்தோடை. மூன்று பழத்தின் சாற்றை வடித்து, தேங்காய்ப்பூவுக்குப் பதிலாக ரின்பாலுடன் சேர்த்துக் கிளறலாம். கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். அதன் புளிப்பு ரின்பாலின் திகட்டலை நன்றாக வெட்டும். அன்னாசியானால் சிறிதாக அரிந்து, தண்ணீர் வற்றும்வரை தனியே வதக்கியபின் சேர்க்க வேண்டும். பச்சையாகச் சேர்த்தால் பால் கசக்கும்.

புளிப்பு வந்தால் சீனி குறைந்துவிட்டது என்று நாக்கு நினைக்கும். குறைவதில்லை. ஒரு ரின்னில், பாலின் இயற்கைச் சர்க்கரையையும் சேர்த்து, 200 கிராமுக்கு மேல் சீனி உண்டு. 30 உருண்டை பிடித்தால் ஒன்றில் சுமார் 7 கிராம், ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி. இரண்டு உருண்டை சாப்பிட்டால் ஒரு துண்டுப் பாணில் உள்ள அளவு மாச்சத்து உடலுக்குள் போய்விடும். நீரிழிவு உள்ளவர்கள் இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். கொழுப்புக் குறைந்த ரின்பால் வாங்கினாலும் சீனி குறையாது. எங்கள் வீடுகளில் நாம் கண்ட வழி, 30க்குப் பதிலாக 40 ஆக உருட்டுவதுதான். மாபிள் அளவில் இருந்தாலும் யாரும் குறை சொல்வதில்லை.

பருப்பு வகைகளில் பிரேசில் நட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமேசன் காட்டில் தானாக வளரும் பெரிய மரத்தின் விதை அது. உடலுக்குத் தேவையான செலினியம் அதில் அளவுக்கு மிஞ்சியே இருக்கிறது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 55 மைக்ரோகிராம் அளவுதான். மண்ணைப் பொறுத்து ஒரேயொரு விதையிலேயே அது கிடைத்துவிடலாம். சத்துள்ளதுதானே என்று தினமும் கைநிறையச் சாப்பிட்டால் முடி உதிரும், நகம் உடையும். பெரியவர்களுக்கு ஒன்றிரண்டு போதும். சிறு பிள்ளைகளுக்கான உருண்டையில் நாம் அதைச் சேர்ப்பதில்லை. பொதுவாகவே ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எந்தப் பருப்பையும் முழுதாகக் கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைக்கும். உருண்டையையும் வெட்டியே கொடுங்கள்.

இனி ஒவ்வாமை. கச்சான் அவரை இனம், கஜு மரப்பருப்பு. ஒன்று ஒத்துக்கொள்ளும் பிள்ளைக்கு மற்றது ஒத்துக்கொள்ளும் என்று எண்ணிவிட முடியாது. கஜு ஒவ்வாதவர்களில் பெரும்பாலோருக்குப் பிஸ்தாவும் ஒவ்வாது. தேங்காய் ஒவ்வாமை அரிது. ஆனால் பால் ஒவ்வாத பிள்ளைக்கு இந்த உருண்டைகளில் எதுவுமே ஆகாது. "கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, பழகிவிடும்" என்று எமது பெரியவர்கள் அன்பால் ஊட்டுவதுண்டு. ஒவ்வாமை இல்லாத குழந்தைக்கு முதல் வயதிலேயே கச்சானை அரைத்துக் கொடுத்துப் பழக்குவது நல்லது என்று 2015இல் வெளியான ஆய்வுக்குப்பின் மருத்துவர்கள் சொல்கிறார்கள். கடுமையான எக்ஸிமா உள்ள குழந்தையானால் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு இது பொருந்தாது, அதற்கு ஒரு துணுக்கும் ஆபத்து.

உதடு வீங்கி, மூச்சு இழுத்து, குரல் மாறினால் அல்லது பிள்ளை சோர்ந்து விழுந்தால், அட்ரினலின் ஊசியை உடனே தொடையில் போட்டு அம்புலன்ஸை அழையுங்கள். அலர்ஜி மாத்திரை அந்த ஊசிக்கு ஈடாகாது. பிள்ளையைப் படுக்க வையுங்கள், மூச்சுவிடச் சிரமமானால் இருத்தி வைக்கலாம், நடக்கவிட வேண்டாம். ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால், இரண்டாவது ஊசி இருந்தால் போட வேண்டும். தேறிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும்.

அடுத்த விழாவில் உணவு மேசையில் காகிதமும் பேனாவும் வைக்கிறோம். பலகாரம் கொண்டுவருபவர்கள் அதன் பெயரை எழுதாவிட்டாலும் பரவாயில்லை, உள்ளே போட்டதை எழுதி வையுங்கள். கச்சான், கஜு சேர்ந்தவற்றுக்குத் தனி மேசையும் தனிக் கரண்டியும் இருக்கும். அங்கிருந்து கரண்டியை இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டாம்.