குண்டுக்குப் பயந்து போட்ட ஓட்டா அது?

ஸ்பெயின் மக்கள் மீது இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பழி இருக்கிறது. ரயிலில் குண்டு வெடித்ததும் நடுங்கிப்போய், தீவிரவாதிகள் விரும்பியபடியே ஓட்டுப் போட்டு ஆட்சியை மாற்றிவிட்டார்கள் என்பது அந்தப் பழி. அமெரிக்கப் பத்திரிகைகளில் அப்போதே எழுதினார்கள். இன்றும் எங்காவது குண்டு வெடித்தால் மாட்ரிட்டை உதாரணம் காட்டுகிறார்கள். அந்த மூன்று நாட்களில் நடந்ததை வரிசையாகப் பார்த்தால், இது எவ்வளவு அநியாயமான பழி என்பது தெரியும்.

2004 மார்ச் 11, வியாழக்கிழமை. காலை ஏழரை மணி தாண்டிய சில நிமிடங்களில், மாட்ரிட்டை நோக்கி வந்த நான்கு புறநகர் ரயில்களில் பத்து குண்டுகள் அடுத்தடுத்து வெடித்தன. அந்நேரத்து ரயிலில் வந்தவர்கள் கட்டட வேலைக்குப் போகிறவர்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள், கல்லூரி மாணவர்கள், ருமேனியாவிலிருந்தும் ஈக்குவடாரிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். 191 பேர் கொல்லப்பட்டார்கள்; 1,800 பேருக்கு மேல் காயம். நகரத்தின் பொருட்காட்சி வளாகத்தில் ஒரு கூடமே பிணவறை ஆனது. உடல்களோடு இருந்த செல்போன்கள் விடாமல் அடித்துக்கொண்டே இருந்ததை மீட்புப் பணியாளர்கள் பிற்பாடு சொன்னார்கள். அடித்தவர்கள் வீட்டார்.

மூன்று நாளில் பொதுத்தேர்தல். பிரதமர் அஸ்னாரின் மக்கள் கட்சிதான் கருத்துக்கணிப்புகளில் முன்னணியில் இருந்தது. பாஸ்க் பிரிவினை அமைப்பான எட்டாதான் செய்தது என்று அரசு அறிவித்தது. முதல் சில மணி நேரத்துக்கு அந்தச் சந்தேகம் நியாயமானதே. பிப்ரவரி கடைசியில்தான் எட்டாவின் வெடிமருந்து வேன் ஒன்று மாட்ரிட்டுக்கு வரும் வழியில் பிடிபட்டிருந்தது.

ஆனால் அன்றைக்கே சாட்சியங்கள் வேறு பக்கம் திரும்பின. அல்காலா ரயில் நிலையம் அருகே நின்ற வெள்ளை வேனில் டெட்டனேட்டர்களும், குர்ஆன் ஓதும் கேசட்டும் கிடைத்தன. ரயிலிலிருந்து அள்ளி வந்த பயணிகளின் உடைமைகளுக்கு நடுவே, வயேகாஸ் காவல் நிலையத்தில் வெடிக்காத பை ஒன்று இருந்தது. உள்ளே வெடிமருந்து, ஆணிகள், ஒரு செல்போன். விடிவதற்குள் அதைச் செயலிழக்கச் செய்தார்கள். அந்த போனின் சிம் கார்டைப் பிடித்துக்கொண்டு போன போலீஸ், மார்ச் 13 பிற்பகலில் மொராக்கோக்காரர்கள் மூவரையும், போன் விற்ற இந்தியர்கள் இருவரையும் கைது செய்தது. இந்தியர்கள் பின்னர் விடுவிக்கப்பட்டார்கள்.

அரசு மட்டும் எட்டாவை விடவில்லை. அஸ்னாரே பத்திரிகை ஆசிரியர்களைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். எட்டாவின் பெயரைப் போட்டு ஐ.நா. பாதுகாப்புச் சபையில் தீர்மானமே நிறைவேறியது. காரணம் வெளிப்படை. எட்டா என்றால், அதை ஒடுக்கிய கட்சிக்கு ஓட்டு கூடும். அல்காய்தா வழி வந்தவர்கள் என்றால், ‘ஈராக்குக்கு ஏன் போனீர்கள்?’ என்ற கேள்வி வரும்.

அந்தக் கேள்வி குண்டு வெடித்த பிறகு முளைத்தது அல்ல என்பதைத்தான் பழி சொல்கிறவர்கள் மறைக்கிறார்கள். 2003 பிப்ரவரியில் அரசின் கருத்தாய்வு மையமே எடுத்த கணிப்பில் பத்தில் ஒன்பது பேர் போரை எதிர்த்தார்கள். தெருக்கள் நிரம்பி வழிந்தன. அஸ்னார் காதில் போட்டுக்கொள்ளாமல் அடுத்த மாதம் அசோர்ஸ் தீவில் புஷ், பிளேருடன் நின்றார். பிறகு 1,300 வீரர்களை அனுப்பினார். படையைத் திரும்ப அழைப்பேன் என்று சோஷலிஸ்ட் கட்சியின் சபதேரோ வாக்குக் கொடுத்ததும் குண்டுவெடிப்புக்கு முன்னால்தான்.

மார்ச் 12 அன்று கொட்டும் மழையில் நாடு முழுக்க ஒரு கோடிக்கு மேற்பட்டோர் தெருவில் இறங்கினார்கள். பயந்த மக்கள் செய்கிற காரியமா இது? தீவிரவாதத்தைக் கண்டித்த அதே கூட்டம், ‘செய்தது யார்?’ என்றும் முழங்கியது. மறுநாள், பிரசாரத்துக்குத் தடையுள்ள நாளில், கைமாறிக் கைமாறிப் போன குறுஞ்செய்திகளைப் பார்த்து ஆயிரக்கணக்கானோர் மக்கள் கட்சி அலுவலகம் முன் கூடி உண்மையைச் சொல்லச் சொன்னார்கள். 14-ம் தேதி 75 சதவீதத்துக்கு மேல் வாக்குப்பதிவு. மக்கள் கட்சி 183 இடங்களிலிருந்து 148-க்கு இறங்கியது, சோஷலிஸ்டுகளுக்கு 164.

ஈராக்கைவிட்டு ஸ்பெயின் வெளியேற வேண்டும் என்று கொலைகாரர்களும் விரும்பினார்கள், உண்மைதான். கொலைகாரன் விரும்புகிறான் என்பதற்காக, மக்கள் ஓராண்டாகச் சொல்லிவந்த கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டுமா? அப்படியானால் அவர்கள் கருத்தைத் தீர்மானிப்பவனும் அவனே ஆகிவிடுவான். அந்தக் கும்பலும் சமாதானமாகிவிடவில்லை. தேர்தல் முடிந்து மூன்று வாரத்துக்குள் அதிவேக ரயில் பாதையில் குண்டு கண்டெடுக்கப்பட்டது. மறுநாள் மாட்ரிட் புறநகரான லெகனெஸில் போலீஸ் சுற்றிவளைத்தபோது ஏழு பேர் தங்களையே வெடித்துக்கொண்டார்கள். ஒரு காவலர் பலியானார். சபதேரோ ஈராக்கிலிருந்து படையை அழைத்துக்கொண்டார். ஆப்கானிஸ்தானில் அதை அதிகப்படுத்தினார். சரணடைந்த நாடு அப்படிச் செய்யாது.

அந்த டிசம்பரில், இருபது வயது மகனைப் பறிகொடுத்த பிலார் மன்ஹோன் நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் பேசினார். குழுவின் அமர்வுகளில் உறுப்பினர்கள் கைதட்டிக்கொண்டதையும் சிரித்துக்கொண்டதையும் பார்த்திருந்த அவர், எதைக் கண்டு சிரித்தீர்கள் என்று எல்லாக் கட்சியினரையும் சேர்த்தே கேட்டார். அதற்குப் பிறகும் சில பத்திரிகைகளும் மக்கள் கட்சியில் ஒரு பகுதியினரும் ஆண்டுக்கணக்கில் எட்டாவைத் தேடினார்கள். 2007 அக்டோபர் 31 அன்று தேசிய நீதிமன்றம் 21 பேரைக் குற்றவாளிகள் என்றது. எட்டாவுக்குத் தொடர்பே இல்லை என்றும் சொன்னது. தன் அரசு பொய் சொல்லவில்லை என்றுதான் அஸ்னார் இன்னமும் சாதிக்கிறார்.