கீழே காய்த்தால் மட்டும் போதாது

ஐப்பசி மழை விட்டு நாலு நாள் வெயில் காய்ந்தால் போதும், எங்கள் சிவகங்கைப் பக்கத்து வேலியோரங்களில் கால் வைக்க இடமிருக்காது. குப்பைமேனி, கீழாநெல்லி, முடக்கத்தான், மூக்கிரட்டை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து முளைத்துக் கிடக்கும். எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். தெருவில் ஒருவருக்கு மஞ்சள் காமாலை. அப்பத்தா என்னைக் கீழாநெல்லி பறித்துவரச் சொன்னாள். சட்டையை மடித்து ஏந்திக்கொண்டு போனவன், அரை மணி நேரத்தில் தொப்பை வைத்தவன் மாதிரி திரும்பி வந்தேன்.

"ஆட்டுக்காய்யா அறுத்துட்டு வந்திருக்க?" என்றாள்.

எல்லாவற்றையும் திண்ணையில் கொட்டி, ஒவ்வொரு கொத்தையும் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். முக்கால்வாசி தெருவுக்குப் போனது. "இது மேலாநெல்லி. இது என்னன்னே தெரியல. தெரியாதத வாயில வைக்கப்படாது." மிஞ்சியது ஒரு கைப்பிடி. அதைக் கழுவி அம்மியில் மைய அரைத்து, நெல்லிக்காயளவு உருட்டி மோரில் கலக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பொறுக்கத்தான் நேரமாயிற்று.

இன்றைக்கு வீட்டு வைத்தியக் காணொளிகளைப் பார்த்தால் எல்லாம் "ஒரு கைப்பிடி கீழாநெல்லி எடுத்துக்கோங்க" என்றே தொடங்குகின்றன. அந்த "எடுத்துக்கோங்க"வுக்குள்தான் வைத்தியத்தில் பாதி இருக்கிறது. கஷாயம் வைக்க யாருக்கும் தெரியும். எந்தச் செடி, எந்தப் பாகம், எந்த இடத்தில் முளைத்தது என்பதைத் தப்பாக எடுத்துவிட்டு அடுப்பில் எவ்வளவு கவனமாக இருந்து என்ன பயன்?

கீழாநெல்லியையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு முழம்கூட வளராத செடி. சின்னச் சின்ன இலைகள் இரண்டு வரிசையாக அடுக்கியிருப்பதைப் பார்த்தால் புளிய இலை போல ஒரே கூட்டிலை என்று தோன்றும். அது செடி காட்டும் கண்கட்டு. ஒவ்வொன்றும் தனி இலைதான். நாம் ஈர்க்கு என்று நினைப்பது உண்மையில் ஒரு சின்னக் கிளை. சாட்சி அடிப்பக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு இலையும் கிளையோடு சேரும் கணுவில் ஒரு பூ, அது முதிர்ந்து கடுகைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு காய். கூட்டிலையின் சிற்றிலைகளுக்கு அடியில் பூ வராது. கிளையில் உள்ள இலைக்கு அடியில்தான் வரும். குட்டி நெல்லிக்காய்கள் இலைக்குக் கீழே வரிசையாகத் தொங்குவதால் பெயரும் அப்படியே அமைந்துவிட்டது.

ஆனால் அப்பத்தாவின் சோதனையில் ஒரு ஓட்டை உண்டு. கீழே காய்க்கிற சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் இந்தக் குடும்பத்தில் இன்னும் பலர். தண்டு சிவந்து, காய் சொரசொரப்பாகக் காம்பில்லாமல் கிளையோடு ஒட்டியிருந்தால் அது வேறு இனம். நாம் தேடுவதன் தண்டு பச்சை, காய் வழவழப்பு, அதற்குச் சின்னதாக ஒரு காம்பு. இலையை மென்றால் கசக்கும். இதன் தாவரவியல் பெயர் ஃபில்லாந்தஸ் அமாரஸ். அமாரஸ் என்றால் லத்தீனில் கசப்பு. தென்னிந்திய நாட்டுமருந்துக் கடைகளில் வாங்கிய சரக்கைச் சோதித்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், கிட்டத்தட்ட நான்கில் மூன்று கடைகளில் சரியான செடி கிடைத்தது. மீதிக் கடைகளில் இதே குடும்பத்தின் வேறு ஐந்து இனங்கள் இருந்தன. காய்ந்து நொறுங்கிய பிறகு அப்பத்தாவே வந்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது. பச்சையாக, வேரும் காயுமாகப் பார்த்துப் பறிப்பதன் லாபம் இதுதான்.

அது வேலை செய்கிறதா என்பது அடுத்த கேள்வி. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் குழுவினரின் கட்டுரை லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஹெப்படைட்டிஸ் பி கிருமியை ரத்தத்தில் சுமந்துகொண்டிருந்தவர்களில் 37 பேருக்குக் கீழாநெல்லிப் பொடி அடைத்த 200 மில்லிகிராம் குளிகையை, நாளுக்கு மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். 22 பேருக்கு ரத்தத்திலிருந்து கிருமியின் அடையாளப் புரதம் மறைந்தது. வெறும் குளிகை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. ஏன் என்ற வாதத்தில், எந்த மண்ணில் விளைந்தது, எந்தப் பருவத்தில் பறித்தது, அதே இனம்தானா என்ற கேள்விகளும் வந்தன. அப்பத்தாவின் திண்ணைக் கேள்விகள்தான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காமாலைக்குப் பல காரணங்கள் உண்டு. அழுக்குத் தண்ணீரால் வரும் ஹெப்படைட்டிஸ் ஏ பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். அந்தச் சில வாரங்களில் யார் எதைக் கொடுத்தாலும் அதற்குத்தான் பெயர் கிடைக்கும். பித்தப்பைக் கல்லோ கட்டியோ பித்தநாளத்தை அடைத்து வந்த காமாலையில் மோரும் கீழாநெல்லியுமாக நாள் கடத்தினால் ஆளே போய்விடலாம். கண் மஞ்சளித்தால் முதலில் ரத்தப் பரிசோதனை. மோர் டம்ளர் அப்புறம்.

ஆடாதோடையின் கதை வேறு மாதிரி. ஆள் உயரத்துக்கு மேல் வளரும் புதர். மா இலை போல நீண்ட இலை, வெள்ளைப் பூ, பூவின் கீழுதட்டில் இளஞ்சிவப்புக் கீறல். ஆடு தொடாது என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். அதனாலேயே இதை வேலியாக நட்டார்கள். ஆட்டை விரட்டுகிற அந்தக் கசப்புக்குப் பின்னால் வாசிசின் என்ற ஆல்கலாய்டு இருக்கிறது. மதராஸ் அரசுக்காக ஊட்டியில் சிங்கோனாப் பட்டையை ஆராய்ந்துகொண்டிருந்த டேவிட் ஹூப்பர் 1888இல் இதைப் பிரித்தெடுத்தார். வாசிசினின் அமைப்பைக் கொஞ்சம் மாற்றி ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியதுதான் புரோம்ஹெக்சின். 1963இல் மருந்தாகச் சந்தைக்கு வந்தது. அது நம் உடம்பில் மாறி உண்டாகும் பொருள்களில் ஒன்றான அம்புராக்சால் பிறகு தனி மருந்தானது. வீட்டில் இருக்கும் சளி மருந்துப் புட்டியைத் திருப்பி அட்டையைப் படித்துப் பாருங்கள். இந்த இரண்டில் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். கெட்டிச் சளியை நீர்க்கவைத்து மேலே கொண்டுவருவது இவற்றின் வேலை.

வீட்டில் செய்ய முற்றிய இலை இரண்டோ மூன்றோ போதும். கொழுந்து வேண்டாம், பழுப்பும் வேண்டாம். நடு நரம்பை உருவி, கிழித்துப் போட்டு, நாலைந்து மிளகைத் தட்டிச் சேர்த்து, இரண்டு டம்ளர் தண்ணீர் அரை டம்ளராக வற்றவேண்டும். ஆறியபின் தேன். கசப்பை மறைக்க எவ்வளவு தேன் விட்டாலும் அது ஜெயித்துவிடும் என்பது என் அனுபவம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனே கூடாது. கர்ப்பிணிகள் இந்தப் பக்கமே வரக்கூடாது. வாசிசின் கருப்பையைச் சுருங்கவைக்கும்.

எல்லா இலையையும் இப்படி வற்றக் காய்ச்சக்கூடாது. ஆடாதோடையின் சாரம் தண்ணீரில் இறங்கி, கொதித்தாலும் அங்கேயே இருக்கும். நொச்சி, துளசி, ஓமவல்லி போன்ற வாசனை இலைகளின் சாரம் ஆவியாகிற எண்ணெய். திறந்த பாத்திரத்தில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டால் வீடே மணக்கும், டம்ளரில் பச்சைத் தண்ணீர்தான் மிஞ்சும். கொதித்த தண்ணீரை இறக்கி, இலையைப் போட்டு, மூடிவைத்தால் போதும். நொச்சியை வேது பிடிக்கப் பயன்படுத்துவதும் இதனால்தான். வேது பிடிக்கும்போது சட்டி கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சட்டியைத் தரையில், சுவரோரம் வையுங்கள். சின்னப் பிள்ளையைப் போர்வைக்குள் தனியாக விடாதீர்கள்.

பறிக்கும் நேரம், காலையில் பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன். ஈரத்தோடு பறித்தால் பூசணம் பிடிக்கும். உச்சி வெயிலில் பறித்தால் வாசனை குறைந்திருக்கும். உலர்த்துவது நிழலில்தான். இலையைக் கையில் நொறுக்கினால் அப்பளம் மாதிரிச் சத்தம் வரவேண்டும். வளைந்து கொடுத்தால் புட்டியில் அடைக்காதீர்கள்.

எங்கே பறிக்கிறோம் என்பதை முன்பு யாரும் பெரிதாக யோசித்திருக்க மாட்டார்கள். இப்போது யோசித்தே ஆகவேண்டும். ஈயம் கலந்த பெட்ரோலை இந்தியா 2000இல் நிறுத்தியது. ஆனால் ஈயம் மக்கிப் போகும் பொருளல்ல. பழைய நெடுஞ்சாலையோர மண்ணில் அது கிடக்கும். வயல் வரப்பில் களைக்கொல்லி அடித்திருப்பார்கள். அடித்த அன்று செடி பச்சையாகவே நிற்கும், வாடுவதற்குச் சில நாளாகும். எனவே வயல்காரரைக் கேட்காமல் வரப்பில் கைவைக்க வேண்டாம். சாக்கடையோரச் செடி நன்றாகக் கொழுத்திருக்கும். எதைத் தின்று கொழுத்தது என்பது நமக்கே தெரியும்.

பிரண்டையில் நான் பட்ட பாடு தனி. கல்யாணமான புதிதில், வீராப்பாக வேலியிலிருந்து ஒடித்து வந்து வெறுங்கையால் நாரை உரித்தேன். பத்து நிமிஷத்தில் விரலிடுக்கெல்லாம் அரிப்பு; தேய்க்கத் தேய்க்க ஏறியது. காரணத்தைப் பிறகுதான் படித்தேன். பிரண்டைத் தண்டின் உயிரணுக்களுக்குள் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஊசி ஊசியாகக் கட்டுக்கட்டாக இருக்கின்றன. ஒடித்தால் அவை தோலில் தைக்கின்றன. ஊசி தைத்த இடத்தைத் தேய்த்தால் இன்னும் உள்ளேதானே போகும்? கருணைக்கிழங்கு நாக்கை அறுப்பதும் இதே ஊசிகளால்தான்.

பிரண்டை தெரிந்தவர்கள் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்வார்கள். நுனியிலிருந்து இளங்கணுக்களாக இரண்டு மூன்று ஒடிப்பார்கள். அடித்தண்டைத் தொட மாட்டார்கள். கணுவை வெட்டி எறிந்து, நாலு பட்டையின் ஓரத்திலும் ஓடும் நாரை உரித்து, நல்லெண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்கி, உளுத்தம்பருப்பு, மிளகாய், கொஞ்சம் தாராளமாகப் புளி வைத்து அரைப்பார்கள். சரியாக வதங்கிய துவையல் நாக்கில் உறுத்தாது. உறுத்தினால் வதக்கியது போதவில்லை என்று அர்த்தம்.

தூதுவளையில் இம்சை வேறு. கொக்கி முள் தண்டில் மட்டுமில்லை, இலையின் முதுகு நரம்பிலும் இருக்கும். கத்தரிக்கோலால் இலையை மட்டும் நறுக்கி, முதுகு முள்ளைக் கிள்ளி, நெய்யில் வதக்கினால் துவையலுக்கும் ரசத்துக்கும் அதைப்போல ஒன்று இல்லை. மழைக்காலத் தொண்டைக்கு இதமாக இருக்கிறது என்பதற்குமேல் நான் எதுவும் சொல்லப் போவதில்லை. முடக்கத்தானை அரிசியோடு அரைத்துத் தோசை வார்க்கலாம்; காற்றடைத்த காயைப் பிரித்தால் கறுப்பு விதையில் வெள்ளையாக ஓர் இதய வடிவம் தெரியும். பிள்ளைகளுக்கு அடையாளம் சொல்லித்தர அதைவிடச் சுலபமான செடி இல்லை.

பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும்போது, அதே வேலியில் ஏறி நிற்கும் செங்காந்தளையும் காட்டிவிடுங்கள். தமிழ்நாட்டின் மாநிலப் பூ. இலையின் நுனியே கம்பியாகச் சுருண்டு பக்கத்துச் செடியைப் பற்றிக்கொண்டிருக்கும்; வேறு எதோடும் குழப்பிக்கொள்ள முடியாத அடையாளம். பூ இல்லாத நாளில், மண்ணுக்குள் இருக்கும் கிழங்கைப் பார்த்து வள்ளிக்கிழங்கு என்று அவித்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. செடி முழுக்கக் கொல்கிசின், கிழங்கில் நிறைய. கீல்வாதத்துக்கு டாக்டர்கள் மில்லிகிராம் கணக்கில் கொடுக்கும் அதே கொல்கிசின்தான். அதன் விதைக்காகவே தாராபுரம், மூலனூர்ப் பக்கம் பந்தல் போட்டு வளர்க்கிறார்கள்.

குப்பைமேனியை எல்லோருக்கும் தெரியும். இலையோடு கொஞ்சம் உப்பு வைத்து அரைத்து, சொறி சிரங்குக்கு மேல்பூச்சாகப் போடுவது பழைய வழக்கம். அதை உள்ளுக்கும் சாப்பிடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் சாப்பிட மாட்டேன். இலங்கையில் இலைக்கஞ்சியில் குப்பைமேனி சேர்த்துக் குடித்த சிலருக்குச் சிவப்பணுக்கள் உடைந்து, ரத்தசோகை வந்து மருத்துவமனையில் சேர்ந்ததை மருத்துவர்கள் 1996இல் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு பிறப்பிலேயே இருந்தது. அது இருப்பவருக்கு இருப்பதே தெரியாது. இப்படி ஏதாவது நேர்ந்து, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும்போதுதான் தெரியவரும்.

குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் உண்டு. ஏன் என்று எனக்கு வெகுநாள் தெரியாது. போன வருஷம் மாடித் தொட்டியில் தானாக முளைத்த ஒன்றைப் பூச்சுக்காக வேரோடு பிடுங்கி, இலையைக் கிள்ளிக்கொண்டு, வேரை அப்படியே தரையில் போட்டுவிட்டுக் கீழே போனேன். திரும்பி வந்தபோது அடுத்த வீட்டுச் சாம்பல் பூனை அந்த வேரை இரண்டு காலாலும் அணைத்துக்கொண்டு, கன்னத்தைத் தேய்த்து, எச்சில் வடிய உருண்டுகொண்டிருந்தது. விரட்டினேன். வேரையும் கவ்விக்கொண்டு போய்விட்டது. மறுநாள் காலை மறுபடி வந்து, வேறு எதையும் தொடாமல், அந்த ஒரு தொட்டியை மட்டும் தோண்டிப் போட்டிருந்தது.