ஒளிந்துறையும் சிறுமீன்

உயிர்கள் தம்மைக் காத்துக்கொள்ளும் வழிகள் பலவாம். புலிக்குப் பல்லும் நகமும் உண்டு. மானுக்கு விரைந்தோடும் கால் உண்டு. தேளுக்குக் கொடுக்கு உண்டு. இவற்றுள் ஒன்றும் பெறாத சிற்றுயிர்க்கோ மறைந்திருத்தலே அரண். இவ்வுண்மையை அறியக் காட்டிற்குச் செல்ல வேண்டுவதில்லை. இந்நாளில் இராசபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வீட்டுக் கூடங்களில் வைத்துப் பேணப்படும் கண்ணாடி மீன்தொட்டிகளிலேயே அதனைக் காணலாம். நீர்ச்செடி நிறைந்த தொட்டிகளில் விடப்படும் பாசியுண்ணும் சிறு கெளுத்தி ஒன்றன் இயல்பை ஈண்டு யாம் எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

இம்மீனினத்திற்கு ஓட்டோசின்குலஸ் என்று பெயர். 1871-ஆம் ஆண்டில் எட்வர்டு கோப் என்னும் அமெரிக்க அறிஞர் இப்பெயரை வகுத்தார். மீன் விற்போர் சுருக்கமாக ‘ஓட்டோ’ என்பர். இதன் தாயகம் தென்னமெரிக்க நாட்டு ஆறுகள். நீளம் 3 முதல் 5 சென்டிமீட்டர் அளவே. செதிலுக்கு ஈடாக எலும்புத் தகடுகள் வரிசையாக உடலைப் போர்த்திருக்கும். வாய் முகத்தின் அடிப்புறத்தே அமைந்து, இலையையும் கல்லையும் கண்ணாடியையும் ஒருங்கே பற்றிக்கொள்ளும் இயல்பினது. அவ்வாறு பற்றியவண்ணமே மேற்படிந்த மென்பாசியைச் சுரண்டி உண்ணும். நீரில் உயிர்வளி குறைந்தவிடத்து மேலெழுந்து ஒருவாய்க் காற்றை விழுங்கி மீளும்.

இதனை வாங்கியோர் பலரும் கூறும் குறை ஒன்றே: “காசு கொடுத்து வாங்கினோம், மறுநாள் முதல் கண்ணிற் படவேயில்லை” என்பது. சிலர் மீன் இறந்ததோ என ஐயுற்றுச் செடிகளைப் பெயர்த்துத் தேடுவர். சிலர் குச்சியால் துழாவி வெளியே துரத்துவர். வேறு சிலர், செடி மிகுதியே மீனை மறைக்கின்றது என்று எண்ணிச் செடிகளைக் களைந்துவிடுவர். இம்மூன்றும் தீங்கு பயப்பனவே. யாங்ஙனமெனின், மீன் ஒளிதற்குரிய காரணத்தை ஆராயின் அது விளங்கும்.

முதற்காரணம் அச்சம். இச்சிறு மீனுக்குத் தாக்கும் கருவி ஒன்றும் இல்லை. நெடுந்தூரம் நீந்தித் தப்பும் வலிமையும் இல்லை. எனவே அசையாதிருந்து பகைவர் கண்ணை ஏமாற்றுகின்றது. பக்கத்தே ஓடும் கருங்கோடு, இலைக்காம்பின் நிழலெனவே தோன்றும். நாம் ‘காணவில்லை’ என்று தேடும்பொழுது அது நம் கண்முன்னரே ஓர் இலையில் ஒட்டிக்கொண்டிருத்தலும் உண்டு.

இரண்டாங்காரணம் தனிமை. தாயகத்தில் இவை கரையோரச் செடிகளிடையே கூட்டமாக வாழ்வன. கூட்டத்திற் பல கண்கள் காவல் செய்யுமாதலின், ஒவ்வொரு மீனும் அஞ்சாது மேயும். நம்மவரோ தொட்டியைத் துடைக்கும் ஏவலாள் போல ஒன்றே ஒன்று வாங்கி விடுகின்றனர். காவலற்ற அம்மீன் ஒளியாமல் என் செய்யும்? ஆறு மீன்களேனும் ஒருங்கு வாழ்தல் வேண்டும்.

மூன்றாவது, புதுமையும் பயணக் களைப்பும். இவை பெரும்பாலும் அயல்நாட்டு ஆறுகளிற் பிடிக்கப்பட்டு, கடல் கடந்து, சென்னைக் கொளத்தூர் போன்ற சந்தைகளின் வழியே, உயிர்வளி நிரப்பிய நெகிழிப் பைகளில் வருகின்றன. வந்த சில நாட்கள் மறைந்து கிடத்தல் இயல்பே. இவற்றோடு கூசும் விளக்கொளியும், உடன் வாழும் பெருமீன்களின் துரத்தலும் சேர்ந்தால் அச்சம் இரட்டிக்கும்.

ஈண்டு வியக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. மறைவிடம் மிகுந்தாலன்றி மீன் வெளிப்படாது! புகலிடம் அருகே உண்டென்று அறிந்த மீன் துணிந்து மேயும். புகலிடம் இழந்த மீன் ஒரு மூலையிலே ஒடுங்கும். இராசபாளையத்து அன்பர் ஒருவர் தொட்டியில் யாம் இதனைக் கண்டோம். அகன்ற இலைச்செடிகளையும் ஒரு மரவேரையும் கூட்டி, விளக்கையும் சிறிது தணித்த சில நாட்களில், அதுகாறும் காணப்படாத மீன்கள் மாலைதோறும் கண்ணாடிமீது நிரையாக அமர்ந்து மேயலாயின.

நம் மலையோடைகளும் இதனையே கற்பிக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் கர்ரா என்னும் இனத்து மீன்கள் உள. அவை கெளுத்தியல்ல, கெண்டைக் குடும்பத்தன. எனினும் வாயின் கீழமைந்த வட்டத்தாற் கல்லைப் பற்றிப் பாசியைச் சுரண்டுவன. ஆள்நிழல் நீரிற் படின் அவை கல்லிடுக்கிற் புகும். அசையாது சிறிது நேரம் நின்றால் மீண்டும் வரும். ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைக் காடுகள் 2021-ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டமையின், அங்குச் செல்வோர் அவற்றைக் கண்டு மகிழ்தலன்றிப் பிடித்தல் தகாது.

இனி, ஒளிதல் எல்லாம் நாணத்தால் அன்று. நோயாலும் பசியாலும் ஆதலுண்டு. அதனை அறியும் வழி எளிது. மீன் கண்ணாடியிற் பற்றியிருக்கும்பொழுது அதன் வயிற்றை நோக்குக. வயிறு உருண்டிருப்பின் கவலையில்லை. குழிந்திருப்பின் அது பட்டினி கிடக்கின்றது என்க. புதிதாய் அமைத்த தொட்டியிற் பாசி இராது. பழந்தொட்டியிலும் மீன்கள் அதனை விரைவில் தின்று தீர்த்துவிடும். ‘பாசி தின்னும் மீனுக்கு உணவு எதற்கு?’ என்று வாளாவிருப்போர் பலர். அதனால் மடியும் மீன்களும் பல. வெள்ளரித் துண்டும், வெந்நீரில் இட்டு மென்மையாக்கிய கீரையும் இட்டு, எஞ்சியதை மறுநாள் அகற்றுக. கோடையில் நம் ஊர்களின் வெம்மையால் நீர் சூடேறி உயிர்வளி குறையுமாதலின், தொட்டியை வெயில் படாத இடத்து வைத்தலும் இன்றியமையாதது.

மற்றொரு செய்தியும் கூறல் கடன். ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கப்படும் பெருங்கெளுத்தி, இச்சிறு மீனின் குடும்பத்ததேயாயினும் ஓர் அடிக்கு மேல் வளர்வது. தொட்டி கொள்ளாமற் போகவே பலர் அதனைப் பொதுநீரிற் கொட்டினர். இன்று அது தமிழ்நாட்டு நீர்நிலைகளிற் பெருகிக் கரைகளைக் குடைந்தும், வலைகளைக் கிழித்தும், நாட்டு மீன்களின் உணவைக் கவர்ந்தும் மீனவர்க்கு இடர் விளைக்கின்றது. ஆதலின் வாங்குமுன் பெயரும் வளர்ச்சியும் கேட்டறிக. வேண்டாத மீனைக் கடையிலோ வேறு வளர்ப்பவரிடத்தோ கொடுப்பதன்றி, திருமுக்குளம் போன்ற குளங்களிலும் ஊர்க் கண்மாய்களிலும் எக்காலத்தும் விடற்க.

ஒளியும் மீனை வெளிப்படுத்தக் குச்சி வேண்டுவதில்லை. துணையும், நிழலும், வயிறார உணவும், காண்பானுக்குச் சிறிது பொறுமையும் போதும். அஞ்சவேண்டாத இடம் இதுவென்று அறிந்த அன்றே அது தானாக வெளிவரும்.