முசிறித் துறையும் கழித்தோணியும்

செங்கடல் முதலாக இந்தியக் கரையோரம் கலம் செலுத்துவார்க்குத் துறைமுகங்களை முறையே கூறிச் செல்லும் கிரேக்க நூல் 'எரித்திரையக் கடற் பெரிப்ளூஸ்'. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சார்ந்த இந்நூல், சேரரது முசிறியை ஆற்றங்கரை ஊராகவே காட்டுகின்றது. ஆற்றுவழியே அவ்வூர்க்குத் தொலைவு 20 ஸ்டேடியா என்பர். ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர் எனக் கொள்ளலாம். யவனர் பெருங்கலங்கள் அத்தொலைவைக் கடந்து ஊரை அடைந்தனவா, அன்றிக் கடலிலேயே நின்றனவா என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

அகநானூற்று 149-ஆம் பாட்டு, யவனர் கலங்கள் பேரியாற்று நுரை கலங்க வந்து, பொன் தந்து மிளகு கொண்டு மீள்வதைக் கூறும். புறநானூற்று 343-ஆம் பாட்டிலோ, கலங்கள் கொணர்ந்த பொன்னைக் கரை சேர்ப்பன கழித்தோணிகள். இரு பாட்டுகளையும் முசிறியின் வளத்திற்குச் சான்றாக ஒருங்கே காட்டுங்கால் இவ்வேறுபாடு கண்ணிற் படாமற் போதல் எளிது. பின்னது மகட்பாற்காஞ்சி, மகட்கொடை மறுத்தலே அதன் பொருள். முசிறி அங்கு உவமையாகவே வருகின்றது. துறைமுகத்தைப் புகழ்தல் கருத்தன்மையின், இடையே வரும் தோணிச் செய்தி பெரிதும் நம்பத்தக்கது என்பது எம் கருத்து. கி.பி. 77-இல் தம் நூலை முடித்த பிளினியும், முசிறியில் கலங்கள் கரைக்குத் தொலைவில் நிற்பதால் சரக்குகள் சிறு படகுகளில் ஏற்றி இறக்கப்பட்டன என்பர். பரணர் சொல்லும் உரோமர் சொல்லும் ஒன்றாகின்றன.

அங்ஙனமாயின் அகப்பாட்டுப் பொய்யோ? அன்று. பெரிப்ளூஸ் நூலே, முசிறிக்குத் தெற்கிலிருந்த நெல்கிந்தாவைப் பற்றிக் கூறுமிடத்து இதற்கு வழிகாட்டுகின்றது. அவ்வூரும் ஆற்றினுள்ளே அமைந்தது. கலங்கள் அங்கிருந்து முகத்துவாரத்துப் பக்கரைக்கு இறங்கிவந்து, வெளியில் நங்கூரமிட்டே சரக்கேற்றின. ஆற்றில் மணற்றிட்டுகள் மலிந்திருந்தமையே காரணம். பாரங் குறைந்த கலம் ஆற்றினுட் செல்லும். மிளகுப் பொதி நிறைந்த கலம் செல்லாது. முசிறியிலும் நீர்ப்பெருக்கும் பாரமும் நோக்கி இருவகையும் வழங்கியிருத்தல் கூடும். பெரிப்ளூஸ் ஆசிரியர் முசிறிக்கு இதனை வெளிப்படையாகக் கூறவில்லை என்பதையும் மறத்தலாகாது.

பக்கரைக்கு மிளகு வந்தது ஒற்றை மரத்தைக் குடைந்த தோணிகளில் என்று பிளினி குறிப்பர். வடக்குப் பறவூரை அடுத்த பட்டணத்தில் 2007-ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வில், செங்கற் கட்டுமானத்தின் அருகே, அத்தகைய தோணியொன்றே கிடைத்தது. நீளம் சுமார் 6 மீட்டர். பட்டணமே முசிறி என்பதை அறிஞர் அனைவரும் ஏற்றிலர். ஆயினும், கழித்தோணி என்னும் சொல்லுக்கு உரை காண்போர் இனி அம்மரத்தையும் நோக்குதல் வேண்டும்.