நான்கு இலக்கத்துக்குக் காத்திருந்த கவசம்

லாச்சப்பல் குறிப்புகள் – 9

2020 மார்ச் 17, நண்பகல் 12 மணிக்கு கொரோனாவால் பிரான்ஸ் உள்ளிருப்புக்குள் போனது. பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் புடவைக்கடைகளும் நகைக்கடைகளும் பூட்டிக் கிடக்க, பலசரக்குக் கடைகள் திறந்திருந்தன. கல்லாவில் நின்றவருக்கு முகக்கவசம் கட்டாயம் தேவை. ஆனால் மருந்தகத்தில் கேட்டாலும் கிடைக்காது. இருந்த கையிருப்பையெல்லாம் மார்ச் 3ஆம் திகதியே அரசு தன்வசம் எடுத்து, மருத்துவத்துறைக்கு ஒதுக்கிவிட்டிருந்தது.

வெளியிலிருந்து வாங்கிவிடலாமே? அங்கேதான் முத்திரை குறுக்கே வந்தது. ஐரோப்பாவில் நுண்துகள்களைத் தடுக்கும் எஃப்எஃப்பி2 கவசத்தில் 'சிஇ' என்ற எழுத்துக்கு அருகே நான்கு இலக்க எண் இருக்க வேண்டும். சோதனையை மேற்பார்க்கும் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் எண் அது. கவசத்தை 24 மணிநேரம் 70 பாகை வெப்பத்திலும், பின் 24 மணிநேரம் உறைநிலைக்குக் கீழே 30 பாகையிலும் வைக்கிறார்கள். பத்துப் பேருக்கு அணிவித்து நடக்கவிட்டு, தலையைத் திருப்பவும் பேசவும் சொல்லி, ஓரங்களில் எவ்வளவு காற்று கசிகிறதென்று அளக்கிறார்கள். வடிகட்டி நுண்துகள்களில் 94 விழுக்காட்டைத் தடுக்க வேண்டும். இதை ஒரே நாளில் முடித்துவிட முடியாது.

மார்ச் 13ஆம் திகதி ஐரோப்பிய ஆணையம் விதியைத் தளர்த்தியது. போதிய பாதுகாப்பு இருப்பதாகக் கண்காணிப்பு அதிகாரிகள் கண்டால், சோதனை நடைமுறை முடியுமுன்பே கவசம் சந்தைக்கு வரலாம் என்றது. அந்த அவசரத்தில் போலிகளும் புகுந்தன. முகக்கவசத்தைச் சோதிக்க அதிகாரமே இல்லாத நிறுவனங்களின் பெயரில் 'சான்றிதழ்கள்' சுற்றின.

துணிக் கவசத்துக்கு வேறு வழி திறந்தது. மார்ச் 27இல் தரநிர்ணய அமைப்பான அஃப்நோர், தைக்கும் முறையையும் அளவையும் இலவசமாக வெளியிட்டது. தையல் தெரிந்தவர்கள் வீட்டிலேயே தைக்கலாம். நிறுவனங்கள் விற்பதற்குத் தைக்கும் துணி மட்டும் சோதனையில் தேற வேண்டியிருந்தது. முதல் வகை, 3 மைக்ரோன் துகள்களில் 90 விழுக்காட்டைத் தடுக்க வேண்டியிருந்தது. இரண்டாம் வகைக்கு 70 போதுமாயிருந்தது. மாதிரிகள் போய்ச் சேர்ந்த இடம், பாரிஸுக்குத் தெற்கே வெர்-லு-பெத்தியிலுள்ள இராணுவ ஆய்வகம். இரசாயன ஆயுதங்களை எதிர்கொள்ள அமைத்த கூடத்தில் சட்டைத்துணிகள் வரிசைக்கு நின்றன.

தாமதத்தின் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. அரசின் பழைய கையிருப்பை 2018இல் சோதித்தபோது பெரும்பகுதி தரத்துக்கு ஒவ்வாதது எனத் தெரிந்தது. அதே அளவுக்குப் புதிதாக வாங்கி நிரப்பவில்லை. 2020 தொடக்கத்தில் மிஞ்சியவை 11.7 கோடி சத்திரசிகிச்சைக் கவசங்கள். 6.7 கோடி மக்களுக்கு ஆளுக்கு இரண்டுகூட வராது. எஃப்எஃப்பி2 ஒன்றுகூட இல்லை.

சோதனையை இன்னும் சுருக்கியிருந்தால் கல்லாக்காரருக்கு விரைவில் ஏதோ ஒன்று கிடைத்திருக்கும். அது அவரைக் காக்குமா என்று சொல்ல ஆளிருந்திருக்காது. சோதனைக்கூடங்களையும் கையிருப்பையும் அமைதிக் காலத்தில் பேணச் செலவாகும் பணம் வீணாகத் தோன்றும். அந்தச் செலவை மிச்சம் பிடித்த அரசுதான் மே 11 முதல், கவசமில்லாமல் மெத்ரோ ஏறியவருக்கு 135 யூரோ தண்டம் விதித்தது.

(அடுத்த வாரம்: வீடுகளில் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயமான கதை)