அமர்ந்த கிளையை வெட்டலாமா?

தான் அமர்ந்திருந்த கிளையையே வெட்டியவன் கதையைச் சிறு வயதில் கேட்டுச் சிரிக்காதவர் நம்மில் எவரும் இரார். ஆனால், கணினி உலகில் அந்தச் செயலைச் சில வேளைகளில் செய்தே தீரவேண்டியிருக்கிறது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? கீழே விழாமல் அதைச் செய்வது எவ்வாறு என்பதை, ஒரு முறை விழப் பார்த்தவன் என்ற தகுதியில், தோழர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

பொதி மேலாளர் என்பது யாது?

லினக்ஸ் சர்வரில் மென்பொருள்கள் 'பேக்கேஜ்' எனப்படும் பொதிகளாகவே வந்து சேர்கின்றன. 1993-ஆம் ஆண்டு இயான் மர்டாக் தொடங்கிய டெபியன் அமைப்பை எடுத்துக்கொள்வோம். அதில் பொதிகளைக் கையாள இரண்டு மென்பொருள்கள் உள்ளன. ஒன்று டிபிகேஜி, மற்றொன்று, 1999-இல் டெபியன் 2.1 பதிப்புடன் வந்த ஆப்ட்.

என் தந்தையார் கொத்தனார். ஆகவே அவர் தொழிலிலிருந்தே உவமை சொல்கிறேன். எந்தப் பொதிக்கு எந்தப் பொதி துணை வேண்டும் என்று கணக்கிட்டுச் சரக்கை வரவழைக்கும் மேஸ்திரி ஆப்ட். வந்த சரக்கைப் பிரித்து, அததற்குரிய இடத்தில் வைத்துப் பூசும் கொத்தனார் டிபிகேஜி. எது எந்த நிலையில் இருக்கிறது என்று டிபிகேஜி ஒரு பதிவேடும் வைத்திருக்கிறது. மற்ற மென்பொருள் கெட்டால் இவர்களைக் கொண்டு சரிசெய்யலாம். இவர்களே கெட்டால்? அங்கேதான் கிளையை வெட்டியவன் கதை வருகிறது.

புதுப்பிக்காமலே இருந்தால் என்ன?

இருக்க இயலாது. பாதுகாப்புக் குறைகள் ஒருபுறம். பொதியின் அமைப்பே மாறிவிடுவது மறுபுறம். 2021 அக்டோபரில் வெளிவந்த உபுண்டு 21.10, தன் பொதிகளை இசட்-ஸ்டாண்டர்டு என்னும் புதிய முறையில் சுருக்கத் தொடங்கியது. டெபியன் 11-இல் இருந்த டிபிகேஜிக்கு அம்முறை தெரியாது. அப்பொதியைப் பிரிக்கவே அதனால் முடியவில்லை. புதுச் சரக்கைப் பிரிக்கத் தெரியாத கொத்தனாரைக் கொண்டு வீடு கட்ட முடியுமா?

ஓடிக்கொண்டிருக்கும் டிபிகேஜி தன்னையே மாற்றிக்கொள்வது எப்படி? புதிய கோப்பை முதலில் வேறொரு பெயரில் பக்கத்தில் எழுதி முடிக்கும். பிறகு ஒரே நொடியில் பெயரை மாற்றிப் பழையதன் இடத்தில் அமர்த்தும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய நிரல், தன் வேலை முடியும் வரை பழைய கோப்பையே பற்றிக்கொண்டிருக்க லினக்ஸ் இடங்கொடுக்கிறது. ஆகவே தன்னை மாற்றிக்கொள்வது ஆபத்தன்று. நடுவழியில் நின்றுபோவதே ஆபத்து.

நான் கற்ற பாடம்

எங்கள் ஆய்வகச் சர்வரை டெபியன் 11-இலிருந்து 12-க்கு உயர்த்தும் பொறுப்பை ஆசிரியை என்னிடம் தந்தார். மறுநாள் காலை மூன்றாம் ஆண்டு மாணவர்கள் தங்கள் செயல்திட்டங்களை அதிலிருந்துதான் காட்டவேண்டும். பிற்பகலில் தொடங்கினேன். பாதி வேலையில் மின்சாரம் போயிற்று. சர்வருக்கு மின்கல வசதி இருந்தது. நான் அமர்ந்திருந்த கணினிக்கு இல்லை. தொடர்பு அறுந்தது.

மின்சாரம் வந்ததும் மீண்டும் நுழைந்தேன். வேறொரு நிரல் பூட்டு வைத்திருக்கிறது என்று ஆப்ட் மறுத்தது. உண்மையில், என் பழைய நிரல் ஓர் அமைப்புக் கோப்பைப் பற்றிக் கேள்வி கேட்டுவிட்டு, விடைக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அதை அறியாமல் அவசரப்பட்டு அந்த நிரலைக் கொன்றேன். டிபிகேஜி இடையில் நின்றது. நாற்பதுக்கு மேற்பட்ட பொதிகள் பிரித்தபடி, அமைக்கப்படாமல் கிடந்தன. பூட்டுக் கோப்பையும் அழிக்கப் போனேன். நல்லவேளையாக ஆசிரியை வந்து தடுத்தார். இரண்டு டிபிகேஜிகள் ஒரே பதிவேட்டில் எழுதினால் பதிவேடே பாழாகும் என்றார்.

"நகல் எங்கே வைத்திருக்கிறாய்?"

"இதே சர்வரில்தான் மேடம்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று தோன்றியது. டிபிகேஜியின் தணிக்கைக் கட்டளையால் குறைபட்ட பொதிகளைப் பட்டியலிட்டு, 'கான்ஃபிகர்' கட்டளையால் விட்ட இடத்திலிருந்து ஒவ்வொன்றையும் அமைத்து முடிக்கையில் இரவு ஒன்பது மணி. கடைசிப் பேருந்தில் வீடு திரும்பினேன்.

செய்யவேண்டியவை

1. தரவு, அமைப்புக் கோப்புகள், டிபிகேஜியின் பதிவேடு, நிறுவிய பொதிகளின் பட்டியல் ஆகியவற்றை நகலெடுத்து வேறொரு கணினியில் வைக்கவும்.

2. முதலில் தணிக்கை செய்யவும். முன்பே குறைபட்ட பொதிகள் இருந்தால் அவற்றைச் சரிசெய்த பின்னரே தொடங்கவும். வட்டில் போதிய இடம் இருக்கிறதா என்றும் பார்க்கவும்.

3. அதேபோன்ற ஒரு மெய்நிகர் கணினியில் முழு ஒத்திகை பார்க்கவும். எவை நீக்கப்படும் என்பதை ஆப்ட்டின் 'சிமுலேட்' வசதி முன்கூட்டியே காட்டும். அதை வரி வரியாகப் படிக்கவும்.

4. 'ஸ்கிரீன்' அல்லது 'டிமக்ஸ்' நிரலுக்குள்ளிருந்து வேலை செய்யவும். தொடர்பு அறுந்தாலும் வேலை சர்வரில் தொடரும். திரும்பி வந்து அதே கேள்விக்கு விடையளிக்கலாம். நான் செய்யத் தவறியது இதுவே.

5. பதிப்புகளைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. 11-இலிருந்து 12, பிறகே 13. அதிலும் புதுப் பொதிகளைச் சேர்க்காத சிறு உயர்வு முதலில். முழு உயர்வு அடுத்து.

6. டிபிகேஜியே ஓடாமற் போனாலும் அஞ்ச வேண்டாம். டெபியன் பொதி என்பது 'ஏஆர்' முறையில் கட்டிய மூட்டை. உள்ளே பதிப்பு எண், கட்டுப்பாட்டுக் கோப்புகள், உண்மைக் கோப்புகள் என மூன்றே உறுப்புகள். ஏஆர், டார் என்னும் பழைய யூனிக்ஸ் கருவிகளாலேயே அதைப் பிரித்து, டிபிகேஜியை மீண்டும் அதன் இடத்தில் வைத்துவிடலாம்.

முடிவுரை

அன்றிரவு சோறு போட்டபடி அம்மா தாமதத்துக்குக் காரணம் கேட்டார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். சர்வர் என்றால் அவர்களுக்கு என்ன தெரியும் என்று எண்ணி, ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தாமல் மாற்றப் போய் மாட்டிக்கொண்டேன் என்று மட்டும் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

"குடியிருக்கிற வீட்ல உத்திரம் மாத்தறாப்லயா? முதல்ல முட்டுக் கொடுக்கணும் கண்ணு. அப்புறந்தான் பழசுல கை வைக்கணும்" என்றார்.

மேலே ஆறு எண்களிட்டு நான் எழுதியது அவ்வளவுதான். மறுநாள் காலை மூன்றாம் ஆண்டு அண்ணன்மாரும் அக்காமாரும் தங்கள் செயல்திட்டங்களைக் காட்டினார்கள். சர்வர் மாறியதை ஒருவரும் கவனிக்கவில்லை. நல்ல முட்டுக்கு அதுவே அடையாளம்.

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்