மின்னல் வேக வீடியோ கேமரா: தொழிற்சாலைக் கோளாறைப் பிடிப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் போட்டுப் பார்ப்பது பெரும்பாலும் வீடியோவாகத்தான் இருக்கும். திருமண வீடியோ, பள்ளி ஆண்டு விழா வீடியோ என்று பென் டிரைவில் உள்ளதை எல்லாம் ஓட்டிப் பார்ப்போம். ஓடும் வீடியோவை நிறுத்தினால் ஒரு படம் திரையில் அப்படியே நிற்கும். அந்த ஒற்றைப் படத்திற்கு பிரேம் என்று பெயர். இப்படிப்பட்ட பிரேம்கள் வரிசையாக வேகமாகக் காட்டப்படுவதைத்தான் நம் கண் அசைவாக எடுத்துக் கொள்கிறது. நம் ஊர் டிவியில் விநாடிக்கு 25 பிரேம்கள் என்பது வழக்கம்.

இந்த 25 என்பதை 500 ஆகவோ 1,000 ஆகவோ உயர்த்தினால் என்ன ஆகும்? கண் இமைக்கும் நேரத்தில் நடந்து முடிவதை நிதானமாக உட்கார்ந்து பார்க்கலாம். தொழிற்சாலைகளில் ஓடும் இயந்திரம் திடீரென ஏன் நிற்கிறது என்பதை இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் சிறிய கேமராக்களே இதற்குக் கிடைக்கின்றன. இவை எப்படி வேலை செய்கின்றன, எதற்குப் பயன்படுகின்றன, இதையே நம் வீட்டில் எப்படிச் செய்து பார்க்கலாம் என்று இங்கே பார்ப்போம்.

சாதாரண கேமரா ஏன் போதாது?

ஒரு சிறு கணக்குப் போட்டால் இது எளிதாகப் புரியும். குடிநீர் பாட்டில் நிரப்பும் ஒரு தொழிற்சாலையில் நிமிடத்திற்கு 240 பாட்டில்கள் கன்வேயரில் போகின்றன என்று வைத்துக் கொள்வோம். விநாடிக்கு நான்கு பாட்டில். ஒரு பாட்டிலுக்கும் அடுத்ததற்கும் இடையே 12.5 சென்டிமீட்டர் என்றால் பாட்டில் விநாடிக்கு அரை மீட்டர் நகர்கிறது.

இதனை 25 பிரேம் கேமராவில் எடுத்தால், ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே பாட்டில் 20 மில்லிமீட்டர் தள்ளிப் போய்விடும். அந்த 20 மில்லிமீட்டருக்குள் என்ன நடந்தது என்பது பதிவாகவே இல்லை. 500 பிரேம் கேமராவில் எடுத்தால் ஒரு படத்திற்கு ஒரு மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. பிரேம் வேகம் வேறு, ஷட்டர் வேகம் வேறு. புதியவர்கள் பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கொள்கிறார்கள். விநாடிக்கு எத்தனை படம் என்பது பிரேம் வேகம். ஒவ்வொரு படத்திற்கும் எவ்வளவு நேரம் ஒளி உள்ளே விடப்படுகிறது என்பது ஷட்டர் வேகம். ஷட்டர் 1/50 விநாடி திறந்திருந்தால், அதற்குள் நம் பாட்டில் 10 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் பாட்டில் இழுத்துத் தேய்த்தது போல மங்கலாகத் தெரியும். 1/5000 விநாடி என்று வைத்தால் 0.1 மில்லிமீட்டர்தான் நகரும். பாட்டிலின் மேல் உள்ள எழுத்தையே படிக்கலாம்.

ஆனால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் நூறில் ஒரு பங்காகக் குறைந்தால், உள்ளே வரும் ஒளியும் நூறில் ஒரு பங்காகக் குறையும். அதனால்தான் இந்த வகைக் கேமராவோடு பளீரென்ற எல்.ஈ.டி. விளக்கு ஒன்றையும் கூடவே கொண்டு வருகிறார்கள்.

வெள்ளமாக வரும் டேட்டா

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதிதான் சுவையானது. 2016ஆம் ஆண்டு கனடாவைச் சேர்ந்த கிரான் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனம் குரோனோஸ் 1.4 என்ற கையடக்கக் கேமராவை அறிமுகம் செய்தது. பெரிய நிறுவனங்கள் மட்டுமே வாங்க முடிந்த இந்த வசதியைச் சிறு பட்டறைகளுக்கும் கொண்டு வந்த கேமராக்களில் இதுவும் ஒன்று. 1280 x 1024 பிக்ஸல் அளவில் விநாடிக்கு 1,057 படங்களை இது எடுக்கும்.

இப்போது கணக்கிடுங்கள். ஒரு படத்தில் சுமார் 13 லட்சம் பிக்ஸல்கள். ஒரு பிக்ஸலுக்கு 12 பிட், அதாவது ஒன்றரை பைட். ஆக ஒரு படம் ஏறத்தாழ 2 மெகாபைட். விநாடிக்கு ஆயிரம் படங்கள் என்றால் 2 ஜிகாபைட். யு.எஸ்.பி. 2.0 போர்ட் கணக்குப்படி அதிகபட்சமாக விநாடிக்கு 60 மெகாபைட்தான் கடத்தும். சாட்டா வகை எஸ்.எஸ்.டி. டிரைவ் கூட சுமார் 500 மெகாபைட் வரைதான் எழுதும். இந்த வெள்ளத்தை எதில் பிடிப்பது?

கேமராவின் உள்ளேயே இருக்கும் ராம் மெமரியில் பிடிக்கிறார்கள். 16 ஜிகாபைட் ராம் இருந்தால் முழு வேகத்தில் எட்டு விநாடிப் பதிவு கிடைக்கும். பிறகு அதை நிதானமாக மெமரி கார்டுக்கோ கம்ப்யூட்டருக்கோ மாற்றிக் கொள்ளலாம்.

எட்டே விநாடிகள்தானா, மணிக்கு ஒரு முறை வரும் கோளாறை எட்டு விநாடியில் எப்படிப் பிடிப்பது என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் ஒரு நல்ல யுக்தி வருகிறது.

அழித்து எழுதும் சிலேட்டு

எட்டு வரி மட்டுமே எழுத இடமுள்ள ஒரு சிலேட்டை எண்ணிப் பாருங்கள். எட்டாவது வரி முடிந்ததும் முதல் வரியை அழித்து அங்கே ஒன்பதாவதை எழுதுகிறீர்கள். பிறகு இரண்டாவதை அழித்துப் பத்தாவதை எழுதுகிறீர்கள். எப்போது நிறுத்தினாலும் சிலேட்டில் கடைசி எட்டு வரிகள் இருக்கும்.

கேமராவும் ராமில் இதையேதான் செய்கிறது. இதற்கு ரிங் பஃபர் என்று பெயர். கேமரா ஓய்வில்லாமல் எடுத்துக் கொண்டே, பழையதை அழித்துக் கொண்டே இருக்கும். கோளாறு நடந்தவுடன் "நிறுத்து" என்று ஒரு சிக்னல் கொடுத்தால் போதும். இதற்கு டிரிக்கர் என்று பெயர். அந்த நொடிக்கு முன் நடந்தது எல்லாம் மெமரியில் பத்திரமாக இருக்கும். டிரிக்கரைக் கையால் பட்டனை அழுத்தியும் கொடுக்கலாம். இயந்திரத்தை நிறுத்தும் சென்சாரிலிருந்தே ஒரு வயர் இழுத்தும் கொடுக்கலாம். இரண்டாவது வழியில் யாரும் காவல் காக்க வேண்டியதில்லை.

இந்த வசதி வருவதற்கு முன் என்ன செய்தார்கள்? அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் ஹெரால்டு எட்ஜர்ட்டன் என்பவர் 1931இல் ஸ்ட்ரோபோஸ்கோப் என்ற மின்னொளிக் கருவியை உருவாக்கினார். மோட்டாரின் சுழற்சிக்கு ஏற்ப விளக்கை மின்ன வைத்தால், சுழலும் மோட்டார் அசையாமல் நிற்பது போலத் தெரியும். தொழிற்சாலை இயந்திரங்களைச் சோதிக்க இது பெரிதும் உதவியது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மாதிரி நடப்பதைத்தான் இதில் பார்க்க முடியும். எப்போதோ ஒரு முறை நடப்பது சிக்காது. பிலிம் கேமராவிலும் தொல்லை. 100 அடி நீள 16 மி.மீ. ரீலில் 4,000 படங்கள்தான் இடம் பெறும். விநாடிக்கு 1,000 படம் என்றால் நான்கு விநாடியில் ரீல் தீர்ந்துவிடும். அதற்குள் கோளாறு வர வேண்டுமே!

பழி யார் மேல்?

நான் உடனிருந்து பார்த்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். மேலே கணக்கில் சொன்ன அதே வேகத்தில் ஓடும் ஒரு குடிநீர் பாட்டில் தொழிற்சாலை. லேபிள் ஒட்டும் இயந்திரத்தின் வாயில் அவ்வப்போது ஒரு பாட்டில் சாய்ந்து விழும். வரிசை முழுவதும் நின்றுவிடும். இரவில்தான் இது அதிகம். "நைட் ஷிப்ட்ல ஸ்பீடு ஏத்திடுறாங்க சார்" என்றார் சூப்பர்வைசர். அந்த ஷிப்டில் நிற்கும் ஆபரேட்டருக்கு ஏற்கெனவே ஒரு மெமோ கொடுத்தாகிவிட்டது. அடுத்தது வேலைக்கே ஆபத்து.

அங்கே ஒரு கண்காணிப்பு கேமரா இருந்தது. அதில் பாட்டில் நிற்பதும், அடுத்து விழுந்து கிடப்பதும் மட்டுமே தெரிந்தன. விநாடிக்கு 500 படம் என்று வைத்து அதிவேகக் கேமராவைப் பொருத்தினார்கள். லேபிள் இயந்திரத்தை மட்டும் காட்டாமல், அதற்கு முந்தைய ஒரு முழம் தூரமும் படத்தில் வருமாறு வைத்தார்கள்.

இரவு விழுந்த பாட்டிலின் பதிவைக் காலையில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். ஒரு விநாடி நடந்தது இருபது விநாடி ஓடுகிறது. பாட்டில் விழும் இடத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு பிரேமாக நகர்த்தினோம். சுமார் நூறு பிரேம்களுக்கு முன்பே, அதாவது ஐந்தில் ஒரு விநாடிக்கு முன்பே, அந்தப் பாட்டில் சாய்ந்திருந்தது!

இரண்டு கன்வேயர்கள் சேரும் இடத்தில் அசையாத தகடு ஒன்று உண்டு. அதன் அகலம் 8 சென்டிமீட்டர். பாட்டிலின் அடிப்பாகமோ 6 சென்டிமீட்டர். பின்னால் வரும் பாட்டில் தள்ளினால்தான் முன்னால் உள்ளது தகட்டைத் தாண்டும். சரியாக நிரம்பாத பாட்டிலை முன்னதாகவே வேறு ஒரு இயந்திரம் வரிசையிலிருந்து தள்ளிவிடுகிறது. அப்போது வரிசையில் ஓர் இடைவெளி விழுகிறது. தள்ள ஆள் இல்லாத பாட்டில் தகட்டின் மேல் நின்றுவிடுகிறது. அடுத்து வருவது வேகமாக வந்து அதன் முதுகில் மோதுகிறது. சாய்ந்து ஆடிய நிலையிலேயே அது லேபிள் இயந்திரத்திற்குள் நுழைகிறது. சில வேளை நிமிர்ந்துவிடும். சில வேளை விழும்.

கன்வேயரின் வேகம் அந்தப் பதிவில் பகலில் இருந்த அதே வேகம்தான். பிரேம்களை எண்ணிக் கணக்கிட்டால் இதுவும் தெரிந்துவிடுகிறது. இரவில் நிரம்பாத பாட்டில்கள் அதிகம் கழிக்கப்பட்டன. அதனால் இடைவெளிகளும் அதிகம். ஆபரேட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கன்வேயரின் முனை உருளைகளைச் சிறியதாக்கி, தகட்டை 3 சென்டிமீட்டராகக் குறைத்தார்கள். எந்தப் பாட்டிலும் தகட்டின் மேல் முழுமையாக நிற்க வழியில்லை. அதன் பிறகு அந்த இடத்தில் பாட்டில் விழவில்லை. மெமோவும் திரும்பப் பெறப்பட்டது.

வீட்டில் செய்து பார்க்க

இதற்கு விலை உயர்ந்த கேமரா வேண்டியதில்லை. 2013இல் வந்த ஐபோன் 5எஸ் விநாடிக்கு 120 படம் எடுத்தது. அடுத்த ஆண்டு வந்த ஐபோன் 6 அதை 240 ஆக உயர்த்தியது. இப்போது பல போன்களில் "ஸ்லோ மோஷன்" வசதி இருக்கிறது.

உங்கள் பிரிண்டர் இரண்டு தாள்களைச் சேர்த்து இழுக்கிறதா? அல்லது தாளைக் கோணலாக இழுக்கிறதா? மூடியைத் திறக்காமல், தாள் வைக்கும் பக்கமாகப் போனை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி ஸ்லோ மோஷனில் எடுங்கள். பைலைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, வி.எல்.சி. மீடியா பிளேயரில் திறக்கவும். இது இலவச புரோகிராம். கீபோர்டில் ஆங்கிலத்தின் ஐந்தாவது எழுத்தான "இ" கீயை அழுத்தினால் வீடியோ நின்று, ஒவ்வொரு அழுத்தத்திற்கும் ஒரு பிரேம் முன்னே நகரும். தாளின் இடது ஓரம் முதலில் நகர்கிறதா, வலது ஓரமா என்று பாருங்கள். பின்தங்கும் பக்கத்தில் உள்ள ரப்பர் உருளை தேய்ந்திருக்கலாம் அல்லது தூசி படிந்திருக்கலாம்.

கவனிக்க வேண்டியவை:

1. வெயில் வெளிச்சத்தில் எடுப்பது நல்லது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்கும். ஸ்லோ மோஷனில் படம் இருண்டு இருண்டு தெரியும்.

2. படத்தில் ஒரு ஸ்கேலையும் வைத்துவிடுங்கள். எவ்வளவு நகர்ந்தது என்று பிறகு அளக்கலாம்.

3. சில போன்கள் மிக அதிக வேகத்திற்கு, இடைப்பட்ட படங்களைத் தாமாகவே கற்பனை செய்து சேர்க்கின்றன. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கோளாறு கண்டுபிடிக்க அவை சாட்சி ஆகாது. 120 அல்லது 240 என்ற அளவே போதும்.

4. ஓடும் இயந்திரத்தின் பாதுகாப்பு மூடியைக் கழற்றி எட்டிப் பார்க்கவே கூடாது. கண்ணும் கையும் போக வேண்டிய இடத்திற்குக் கேமராவை அனுப்பத்தான் இத்தனை ஏற்பாடும்.

கம்ப்யூட்டரில் பிழைச் செய்தி வரும் போதும் இதே பாடம் உதவும். செய்தியைக் காட்டும் புரோகிராம்தான் குற்றவாளி என்று உடனே அதை நீக்கிவிடாதீர்கள். அதற்குச் சற்று முன் என்ன செய்தீர்கள், எதைப் புதிதாக இன்ஸ்டால் செய்தீர்கள் என்று பின்னோக்கிப் பாருங்கள். கோளாறு தெரிகிற இடம் ஒன்று, அது பிறக்கிற இடம் வேறு ஒன்றாக இருக்கலாம்.